ஊளையிடாத ஒலிபெருக்கித் தொலைபேசி

ரிசீவரைக் கையில் எடுக்காமல் வீட்டார் அனைவரும் சேர்ந்து பேச உதவும் ஒலிபெருக்கித் தொலைபேசியில், ஸ்பீக்கரின் ஒலியை அருகிலுள்ள மைக் மீண்டும் வாங்கிக் கம்பிக்கு அனுப்புவதால் எழும் ஊளைச் சத்தமே பெரிய இடர். மோட்டோரோலா உருவாக்கிய எம்.சி.34118 என்ற ஒருங்கிணைந்த மின்சுற்று, அதாவது பல உறுப்புகளை ஒரே சிலிக்கான் துண்டில் அடக்கிய சில்லு, அனுப்பும் பாதையிலும் பெறும் பாதையிலும் ஒலியைக் குறைக்கும் தணிப்பான் ஒவ்வொன்றை வைத்து, பேசுபவர் எப்பக்கம் என்று அறிந்து, தாமிரபரணிக் கால்வாயில் ஒரு மடையைத் திறக்கும்போதே மற்றதை அடைப்பதுபோல், ஒரு பாதையைத் திறந்து மற்றதை ஒடுக்குகிறது. திறந்த பாதை ஏறத்தாழ 6 டெசிபெல் பெருக்கம் பெற, ஒடுங்கியது 46 டெசிபெல் தணிகிறது. எவரும் பேசாதபோது இரண்டும் 20 டெசிபெல் தணிவில் நிற்கின்றன. இரண்டின் கூட்டுத்தொகை எப்போதும் மாறாமலிருப்பதே இதன் நுட்பம். மின்விசிறியின் இடைவிடாத இரைச்சலை ஏற்ற இறக்கமுள்ள பேச்சிலிருந்து இச்சில்லு பிரித்தறிவது இன்னும் பாராட்டத்தக்கது.

இதற்குச் சுமார் 5 மில்லியாம்பியர் மின்னோட்டமே போதுமாதலால், தொலைபேசி நிலையத்தின் 48 வோல்ட் பேட்டரிகள் செப்புக் கம்பிவழியே அனுப்பும் மின்சாரத்திலேயே இது இயங்கும். ஆகவே, 1944 முதல் மின்சாரம் தரும் பாபநாசம் நீர்மின் நிலையத்தின் அண்டை ஊர்களில் மின்வெட்டு நேர்ந்தாலும் பேச்சு தொடரும். ஸ்பீக்கரை ஒலிக்கச்செய்யும் தனிப் பெருக்கிக்கோ கூடுதல் மின்சாரம் வேண்டும். தொலைபேசி நிலையத்திலிருந்து தொலைவிலுள்ள மலையடிவார ஊர்களில் நீண்ட கம்பியின் மின்தடையால் மின்னோட்டம் குறைந்து ஒலி மெலியக்கூடுமாதலால், அங்கே தனி அடாப்டர் இணைப்பதே பொருத்தமானது.