வீட்டு மேஜையில் ஒரு கப்பல்

நம் சங்கக் குடும்பங்களில் கப்பல் வேலைக்குப் போன பிள்ளைகள் சிலர் உண்டு. லீவில் வந்த பையன் கதவைச் சாத்திக்கொண்டு கம்ப்யூட்டரில் கப்பல் ஓட்டினால், "படிக்கிறானா, விளையாடுகிறானா?" என்ற சந்தேகம் பெற்றோருக்கு வரத்தான் செய்யும். அவன் படித்துக்கொண்டிருக்கவும் கூடும்.

மாலுமிகளின் பயிற்சி பற்றிய 1978-ம் வருஷத்து சர்வதேச உடன்படிக்கை 1995-ல் திருத்தப்பட்டபோது, ரேடார் பயிற்சிக்கு சிமுலேட்டர் கட்டாயமாயிற்று. கப்பலின் மேல்தளத்தைப் போலவே ஒரு கூடம். அதில் சுக்கான், ரேடார், சுற்றிலும் கடல் தெரியும் பெரிய திரைகள் எல்லாம் இருக்கும். பக்கத்து அறையில் ஆசிரியர் ஒரு பொத்தானைத் தட்டினால் மூடுபனி வரும். இன்னொன்றைத் தட்டினால் சுக்கான் வேலை செய்யாது. இதற்காகப் பையன்கள் ஊர்விட்டு ஊர் வந்து, விடுதியில் தங்கி, லீவில் பல நாட்களை இழப்பது வழக்கம்.

2020-ல் கொரோனாவால் கூடங்கள் மூடப்பட்டபோது, தொலைவிலிருந்து பயிலும் முறை வேகம் பெற்றது. நார்வேயின் காங்ஸ்பெர்க், பின்லாந்தின் வார்ட்சிலா போன்ற கம்பெனிகள் இதற்கான ஏற்பாடுகளைத் தருகின்றன. கணக்கெல்லாம் எங்கோ உள்ள பெரிய கம்ப்யூட்டரில் நடக்கும். பையன் வீட்டுத் திரையில் கப்பலைச் செலுத்துவான். ஆசிரியர் வேறு ஊரிலிருந்து பார்த்துத் திருத்துவார்.

இன்டர்நெட் அரை விநாடி தாமதித்தால் என்ன ஆகும்? விமானத்துக்கு அது பெரிய விஷயம். கப்பலுக்கு அப்படியில்லை. சுக்கானை ஒரு பக்கம் 35 டிகிரியிலிருந்து மறுபக்கம் 30 டிகிரிக்குத் திருப்ப 28 விநாடி வரை சர்வதேச விதியே அனுமதிக்கிறது. அதன் பிறகும் பெரிய கப்பல் நிதானமாகத்தான் திரும்பும். சரக்கு வண்டிக்கு பிரேக் போட்டுப் பார்த்தவர்களுக்கு இது புரியும். ஆகவே ரேடார், மின்னணு வரைபடம், எஞ்சினைக் கிளப்பும் வரிசை முதலியவற்றை வீட்டிலேயே பத்து முறை செய்து பழகலாம். கூடத்தில் அத்தனை முறை வாய்ப்புக் கிடைக்காது.

ஆனால் ஒற்றைத் திரையில் வராத பாடமும் உண்டு. 2024 மார்ச் 26 அதிகாலை, அமெரிக்காவில் பால்டிமோர் துறைமுகத்திலிருந்து கிளம்பிய 'டாலி' கப்பலில் மின்சாரம் இரண்டு முறை போயிற்று. சுமார் நான்கு நிமிஷத்தில் அது பாலத்தில் மோதியது. பாலத்தில் வேலை செய்துகொண்டிருந்த 6 பேர் மாண்டனர். கப்பல் ஊழியர் 21 பேரில் 20 பேர் இந்தியர். ஒரு ஒயர் சரியாகப் பொருந்தாமல் தளர்ந்திருந்ததே மூல காரணம் என்று விசாரணையில் தெரிந்தது. (ரயில்வே சிக்னல் இலாகாக்காரர்கள் இதைக் கேட்டு ஆச்சரியப்பட மாட்டார்கள்.) பைலட்டுகள் உடனே எச்சரிக்கை அனுப்பியதால்தான் பாலத்தில் போலீசார் வண்டிகளை நிறுத்த முடிந்தது. இருட்டில், அலாரம் அலறும்போது, யார் யாரிடம் என்ன சொல்ல வேண்டும், மேல்தளமும் எஞ்சின் அறையும் எப்படிப் பேசிக்கொள்ள வேண்டும் என்பதை நாலு பேர் ஒரே கூடத்தில் நின்று பழகினால்தான் வரும் என்பது என் அபிப்பிராயம். ஹெட்போன் மாட்டிக்கொண்டு தனியாக உட்கார்ந்திருப்பவனுக்குப் பக்கத்தில் நிற்பவரின் முகம் தெரியாது.

இன்னொரு விஷயமும் கவலை தருகிறது. செயற்கைக்கோள் இன்டர்நெட் இப்போது நடுக்கடலிலும் கிடைக்கிறது. அதனால் கப்பலிலேயே பாடத்தை முடித்துவிடு என்று சொல்வது எளிதாகிவிட்டது. 24 மணியில் குறைந்தது 10 மணி, 7 நாளில் 77 மணி ஓய்வு தர வேண்டும் என்பது விதி. பாடம் அந்த ஓய்வைத் தின்றால், தூங்காத கண்ணோடு அடுத்த டூட்டி பார்ப்பவன் நம் பிள்ளைதான். போனில் பேசும்போது, பயிற்சி நேரம் வேலைக் கணக்கிலா ஓய்வுக் கணக்கிலா என்று ஒரு வார்த்தை கேட்டுவையுங்கள்.

வீட்டிலிருந்து படிக்கப் பணம் கட்டுவதானால், அந்தப் படிப்பும் நிறுவனமும் மத்திய அரசின் கப்பல் போக்குவரத்து டைரக்டர் ஜெனரலின் அங்கீகாரம் பெற்றவைதானா, நேரில் போக வேண்டிய நாட்கள் எத்தனை என்று விசாரித்துவிட்டுக் கட்டுங்கள்.