ஆங்கில மாற்றுப்பெயர் வகைகளும் தஞ்சைப் பெரியகோயில் கல்வெட்டும்

முன்னுரை

பெயருக்கு ஈடாக நிற்கும் மாற்றுப்பெயரை ஆங்கில இலக்கண நூல்கள் மூவிடப்பெயர், உடைமைப்பெயர், தற்சுட்டுப்பெயர், சுட்டுப்பெயர், வினாப்பெயர், தொடர்புப்பெயர், வரையறையற்ற பெயர் எனப் பலவாக வகுக்கின்றன. இவை யாவும் தமிழுக்கு ஒரே அளவில் பொருந்துவன அல்ல. கல்வெட்டுகளை ஆங்கிலத்தில் பெயர்க்கும்போது இவ்வேறுபாடு பொருளையே பாதிக்கக்கூடும். இதனைத் தஞ்சைப் பெரியகோயிற் கல்வெட்டு ஒன்றன்வழி இக்கட்டுரை விளக்குகிறது.

கல்வெட்டுச் செய்தி

முதலாம் இராசராசன் தனது 26ஆம் ஆட்சியாண்டின் 20ஆம் நாளில் ஓர் ஆணை பிறப்பித்தான். தான் எடுப்பித்த கற்றளிக்குத் தானும், தமக்கை குந்தவையும், தேவியரும், பிறரும் வழங்கிய கொடைகளை விமானத்தில் கல்லில் வெட்டுக என்பது அவ்வாணை. ஊல்ச் இதனை ஆங்கில மொழிபெயர்ப்புடன் ‘தென்னிந்தியக் கல்வெட்டுகள்’ இரண்டாம் தொகுதியில் பதிப்பித்தார்.

மூவிடப்பெயர்

தொல்காப்பியப் பெயரியல் யாம், நாம் ஆகிய இரண்டையும் தனித்தனியே சுட்டும். கேட்போரை விலக்குவது யாம். உளப்படுத்துவது நாம் என்பது பொதுவாகக் கொள்ளப்படும் வேறுபாடு. இன்றைய வழக்கில் யாம் என்பதன் இடத்தை நாங்கள் என்பது பெற்றுள்ளது. ஆங்கிலத்தின் ‘வீ’ இவ்விரண்டிற்கும் பொதுவானது.

கல்வெட்டில் மன்னன் தன்னை ‘நாம்’ என்றே குறிக்கிறான். அக்கன் கொடுத்தனவும் ‘நம் பெண்டுகள்’ கொடுத்தனவும் தனியே எண்ணப்படுதலின், ‘நாம்’ அவர்களை உளப்படுத்தவில்லை. அது மன்னன் ஒருவனையே குறிக்கும் உயர்வுப்பன்மையாகும். ‘வீ’ எனப் பெயர்த்ததைப் பலர் எனக் கொள்ளின், மன்னன் அளித்த கொடை அரச குடும்பத்தின் கூட்டுக்கொடையாகப் பிறழ உணரப்படும்.

தொடர்புப்பெயர்

ஆணையில் வரும் ‘குடுத்தன’, ‘குடுத்தார்’ என்பன வினையாலணையும் பெயர்கள். முன்னது பலவின்பால் ஈற்றாற் கொடைப்பொருள்களையும், பின்னது பலர்பால் ஈற்றாற் கொடையாளரையும் உணர்த்தும். ஆங்கிலத்தில் இவற்றை விரித்துரைக்க முறையே ‘தோஸ் விச்’, ‘தோஸ் ஹூ’ என, சுட்டுப்பெயரும் தொடர்புப்பெயரும் இணைந்து வரவேண்டும். தமிழில் ஈறு உணர்த்தும் திணை வேறுபாட்டை ஆங்கிலத்தில் ‘ஹூ’, ‘விச்’ என்னும் தொடர்புப்பெயர்களே உணர்த்துகின்றன. தொடர்புப்பெயர் என்னும் வகை இன்றியே தமிழ் அப்பொருளை நிறைவாகத் தருகிறது.

முடிவுரை

ஆங்கில மாற்றுப்பெயர் வகைகளைத் தமிழ் மாணவர்க்குப் பயிற்றும்போது சொல்லுக்குச் சொல் ஈடு தேடுவது போதாது. ‘வீ’ என்பது எவரை உட்படுத்துகிறது, தொடர்புப்பெயரின் பணியைத் தமிழில் எவ்வுறுப்பு ஏற்கிறது என்னும் இரு வினாக்களையும் எழுப்புதல் வேண்டும். கொடையாளர் எவர் என்பதைத் துணியும் கல்வெட்டாய்வுக்கும் இவ்வினாக்கள் இன்றியமையாதன.