நாளைத் தள்ளிப்போடும் மாத்திரை

இராணிப்பேட்டை மாவட்டத்தின் நெமிலி வட்டாரத்திலிருந்து சோளிங்கர் யோக நரசிம்மர் மலையின் 1,305 படிகளை ஏறவோ, திருப்பதிக்குச் செல்லவோ குடும்பத்தோடு நாள் குறிக்கும் பெண்களுள் பலர், அந்நாளில் வீட்டுக்கு விலக்காகிவிடக் கூடாதே என்று அஞ்சி, மருந்துக் கடையில் நாள் தள்ளிப்போட மாத்திரை வாங்குகின்றனர். மாதவிடாய்க் காலத்திலும் பெண்கள் வழிபட இசைவளிக்கும் மேல்மருவத்தூர் ஆதிபராசக்தி கோயில் போன்ற இடங்களுக்குச் செல்வோர்க்கு இக்கவலை இல்லை. ஆயினும் நெடுந்தூரப் பேருந்தில் தூய கழிப்பறை கிடைக்காத இடர்ப்பாடு எவருக்கும் உண்டு என்பதால், இத்தேவையை வெறும் தீட்டச்சம் என்று ஒதுக்கிவிட இயலாது.

பெரும்பாலும் தரப்படுவது நோரெத்திஸ்டிரோன் என்னும் செயற்கை இயக்குநீர். 1951இல் மெக்சிகோ நகரின் சின்டெக்ஸ் நிறுவன ஆய்வகத்தில், காட்டுக் கிழங்கிலிருந்து பெற்ற மூலப்பொருளைக் கொண்டு முதன்முதலில் ஆக்கப்பட்டது. சூலகத்திலிருந்து முட்டை வெளியேறிய பின் சுரக்கும் புரோஜெஸ்டிரோன் என்னும் இயக்குநீரே கருப்பையின் உட்சவ்வைக் காத்து நிற்கிறது. கரு தங்காதபோது ஏறத்தாழ இரு வாரங்களில் அச்சுரப்பு குறைய, சவ்வு உதிர்ந்து குருதியோடு வெளியேறுகிறது. நோரெத்திஸ்டிரோன் அந்தப் புரோஜெஸ்டிரோனின் வேலையைத் தானே செய்து உதிர்வைத் தள்ளிவைக்கிறது. வழக்கமாக 5 மில்லிகிராம் மாத்திரை, நாளுக்கு மூன்று வேளை, எதிர்பார்க்கும் தேதிக்கு 3 நாள் முன்பிருந்து பரிந்துரைக்கப்படுகிறது. நிறுத்திய 2, 3 நாள்களில் மாதவிடாய் வந்துவிடும். ஆகவே புறப்படும் நாளில் தொடங்கினால் பலன் உறுதியில்லை; தேதி ஒழுங்காக வராதவர்களுக்குக் கணக்கும் தவறும். இவ்வாறு உட்கொள்வதைக் கருத்தடை என நம்புதலும் கூடாது. பொட்டுக்கடலை தின்றால் நாள் தள்ளிப்போகும், எள்ளும் பப்பாளியும் தின்றால் முன்னதாக வரும் என்னும் வழக்குகளுக்கோ மருத்துவச் சான்று இல்லை.

வயிறு உப்புதல், மார்பக வலி, தலைவலி, மனச்சோர்வு ஆகியவை சிலருக்கு ஏற்படும். இவை பெரிதும் தாமே தணிவன. கருத்தில் கொள்ள வேண்டியது வேறொன்று. இம்மருந்தின் சிறு பகுதி உடலுக்குள் எத்தினைல் ஈஸ்ட்ரடையோலாக, அதாவது கருத்தடை மாத்திரைகளில் உள்ள ஈஸ்ட்ரோஜன் வகையாக மாறுவதால், நாளங்களில் இரத்தம் உறையும் வாய்ப்பு ஓரளவு கூடுகிறது. மணிக்கணக்கில் கால் அசையாது அமர்ந்து பயணம் செய்வதும் அதே ஆபத்தைக் கூட்டும். கடையில் தேதி மட்டும் கேட்டு மாத்திரை தருவது போதாது என்பது இதனாலேயே: தமக்கோ உடன்பிறந்தோர்க்கோ முன்பு இரத்தம் உறைந்ததுண்டா, கல்லீரல் நோயோ மார்பகப் புற்றுநோயோ இருந்ததுண்டா, காரணம் அறியாத உதிரப்போக்கு உண்டா, கண்முன் ஒளி மின்னும் ஒற்றைத் தலைவலி வருமா, கருவுற்றிருக்க வாய்ப்புண்டா என்பவற்றை மருத்துவர் ஒருவர் கேட்டறிந்தாக வேண்டும். காசநோய்க்கான ரிபாம்பிசினும் சில வலிப்பு மருந்துகளும் இதன் ஆற்றலைக் குறைக்கும் என்பதால், உட்கொள்ளும் மற்ற மருந்துகளையும் சொல்ல வேண்டும்.

பயணத்தின் இடையே ஒரு காலின் ஆடுதசை மட்டும் வீங்கி வலித்தாலும், மூச்சுத் திணறினாலும், பார்வை மங்கினாலும் மாத்திரையை நிறுத்திவிட்டு அருகிலுள்ள மருத்துவமனைக்குச் சென்று, வெட்கப்படாமல் அம்மாத்திரையின் பெயரைச் சொல்லிவிட வேண்டும்.