முற்றத்தில் நிற்கும் பழைய கார்

யாழ்ப்பாணத்துக்கு முதன்முதலாக வருகிறவர்கள் வியந்து பார்க்கும் விடயங்களில் எங்கள் பழைய கார்களும் ஒன்று. மொறிஸ் மைனர், ஒஸ்ரின் ஏ-40, ஏ-30, கேம்பிரிட்ஜ் என்று, எங்கள் தாத்தாமாரின் காலத்தில் இங்கிலாந்திலிருந்து கப்பலில் வந்திறங்கிய வண்டிகள் அவை. மொறிஸ் மைனர் 1948 இல் அறிமுகமானது. 1970களின் தொடக்கத்தில் அதன் உற்பத்தி நின்றுவிட்டது. ஒஸ்ரின் சோமசெற் 1954 உடன் முடிந்துபோனது. செய்த தொழிற்சாலைகளே கைவிட்ட பிறகும் அவற்றிற் பல இங்கே இன்னும் ஓடுகின்றன.

இவற்றைப் பற்றிப் பேசும்போது மெக்கானிக்மாரின் கெட்டித்தனத்தையே எல்லோரும் பேசுவார்கள். அது உண்மைதான், ஆனால் அரைவாசி உண்மை. பெண்களுக்கான இந்தப் பக்கத்தில் நான் காரைப் பற்றி எழுத வந்ததற்குக் காரணம், வேலை நிமித்தம் வீடுகளுக்குப் போகும்போது தறப்பாளின் கீழ் நிற்கக் காணும் கார்கள். கணவர் இறந்துபோன வீடுகள், கணவர் எங்கே என்றே தெரியாத வீடுகள். "அவர் வாடகைக்கு ஓடின கார் பிள்ளை" என்பார்கள். விற்க மனம் வராது. திருத்திச் சகோதரனிடமோ மகனிடமோ ஓடக் கொடுக்கவும் பயம். கராச்சில் என்ன சொன்னாலும் தலையாட்டிவிட்டு வரவேண்டியிருக்கிறது. அந்தக் குடும்பத்தில் மிஞ்சியிருக்கும் பெறுமதியான சொத்து பல வேளைகளில் அந்தக் கார்தான்.

அது எப்படி இத்தனை காலம் தாக்குப்பிடித்தது என்பதை முதலில் பார்ப்போம். 1990 ஜூனில் மீண்டும் போர் மூண்டபின் குடாநாட்டுக்கு மின்சாரம் நின்றது. பெற்றோல், டீசல், பற்றரி, உதிரிப்பாகங்கள் எல்லாம் பொருளாதாரத் தடைக்குள் அடங்கின. அப்போது எனக்கு நினைவு தெரியாத வயது. அம்மாமார் சொல்லக் கேட்டவையே எனக்குத் தெரிந்தவை. பெற்றோலைச் சின்னப் போத்தலில் அடைத்து, மருந்து போலப் பாவித்திருக்கிறார்கள். கார்பரேற்றருக்குள் சில துளி விட்டு என்ஜினை இயக்கி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றிவிடுவார்கள். அந்தக் கால என்ஜின்கள் காற்றையும் எரிபொருளையும் குறைவாகவே அழுத்துபவை. அதனால்தான் மட்டமான எரிபொருளையும் அவை ஏற்றுக்கொண்டன. பற்றரி வலுவிழந்திருந்தாலும் முன்பக்கத்தில் கைபிடியைச் செருகிச் சுற்றி இயக்கலாம். (சுற்றும்போது பெருவிரலை மற்ற விரல்களின் பக்கமாகவே வைத்துப் பிடிக்க வேண்டும். என்ஜின் பின்வாங்கி உதைத்தால் பெருவிரல் முறியும். இது இன்றைக்கும் பொருந்தும்.)

இந்தக் கதையில் பெண்கள் எங்கே? வரிசையில் நின்று வாங்கிய மண்ணெண்ணெய் வீட்டுக்கு வந்ததும், விளக்குக்கு எவ்வளவு, அடுப்புக்கு எவ்வளவு, காருக்கு எவ்வளவு என்று பங்கிட்டவர்கள் அவர்கள். ஜாம் போத்தலில் பஞ்சும் திரியும் வைத்து, துளி எண்ணெயில் ஓர் இரவைக் கழித்தவர்கள் அவர்கள். பிள்ளைகள் படித்த வெளிச்சத்திலிருந்து மிச்சம் பிடித்த எண்ணெயில்தான் பிரசவ வலியோடு ஒருத்தியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன கார் ஓடியது. சமூகவியல் படித்த காலத்தில் 'கண்ணுக்குத் தெரியாத உழைப்பு' என்ற தொடரைப் பரீட்சைக்காக மனனம் செய்தேன். அதற்கு இதைவிட நல்ல உதாரணத்தை அப்போது யாரும் எனக்குச் சொல்லவில்லை.

மண்ணெண்ணெய் ஓட்டத்துக்கும் ஒரு விலை இருந்தது. எரியாமல் எஞ்சிய மண்ணெண்ணெய், பிஸ்டனைக் கடந்து கீழே வடிந்து என்ஜின் ஒயிலோடு கலந்து அதனை நீர்க்கச் செய்யும். அளவுகோலை இழுத்துப் பார்த்தால் ஒயில் மட்டம் குறைவதற்குப் பதிலாக ஏறியிருக்கும். விபரம் தெரியாதவர் அதைக் கண்டு சந்தோசப்படுவார். தெரிந்தவர் உடனே ஒயிலை மாற்றுவார். ஆனாலும் எரிபொருள் மாற்றம் மன்னிக்கக்கூடிய பிழை. என்ஜின் தேயும், புகைக்கும், மெல்ல மெல்லச் சாகும். ஆளைக் கொல்லாது.

அந்தக் காலம் தந்த துணிச்சல், எதற்கு எதையும் மாற்றாகப் போடலாம் என்ற பழக்கமாகச் சிலரிடம் தங்கிவிட்டது. அதுதான் என் கவலை. காரில் எண்ணெயும் றப்பரும் சேர்ந்து வேலை செய்யும் இடங்கள் இருக்கின்றன. அங்கே மாற்று வேலை செல்லாது.

முதலாவது பிறேக். மொறிஸ் மைனரில் மிதியை அழுத்தும்போது திரவம் குழாய் வழியே நான்கு சக்கரங்களுக்கும் அழுத்தத்தைக் கொண்டுபோகிறது. உள்ளே அதை ஒழுகவிடாமல் அடைப்பவை சிறிய றப்பர் கிண்ணங்கள். கராச்சில் 'கப்' என்பார்கள். அவை பிறேக் ஒயிலுக்கென்றே செய்யப்பட்டவை. என்ஜின் ஒயில், மண்ணெண்ணெய் போன்றவை பட்டால் அந்த றப்பர் ஊறிப் பருக்கும். இதில் ஏமாற்றும் விடயம் என்னவென்றால், முதல் நாள் எல்லாம் நன்றாக இருப்பதுபோலவே தெரியும். பருத்த றப்பர் ஒழுக்கையும் அடைத்துவிடும், மிதியும் இறுக்கமாக இருக்கும். "பார்த்தீங்களோ அக்கா, சரியாயிட்டுது" என்பார் திருத்தியவர். நாட்கள் செல்ல, திரவம் திரும்பி வரும் துளையை அந்த றப்பர் அடைத்து, பிறேக் தானாகவே இறுகத் தொடங்கும். பிறகு றப்பர் சிதைந்து, ஒருநாள் மிதி தரையோடு போய்விடும். அந்தத் தொகுதிக்குள் ஒருதரம் பிழையான ஒயில் போனால், றப்பர்கள் அத்தனையையும் மாற்றிக் குழாய்களைக் கழுவுவதைத் தவிர வேறு வழியில்லை. கழுவுவதும் மண்ணெண்ணெயால் அல்ல, மதுசாரத்தால் அல்லது புதிய பிறேக் ஒயிலால்.

இன்று இதற்குப் பஞ்சமில்லை. இப்போதைய கார்களுக்கு விற்கும் 'டொட் 3', 'டொட் 4' என்று எழுதிய பிறேக் ஒயில்தான் இந்தக் கிழட்டுக் கார்களுக்கும் உரியது. அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். உள்ளே கறள் பிடிக்க வைக்கும். ஆகவே கார் ஓடாமல் நின்றாலும் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். திறந்து வைத்த பழைய போத்தலைப் பாவிக்காதீர்கள். மொறிஸ் மைனரில் ஒயில் விடும் வாய் எங்கே இருக்கிறது என்று கேட்டால், கார் சொந்தக்காரர் பலருக்கே தெரியாது. அது என்ஜின் பக்கம் இல்லை. சாரதியின் காலடியில், விரிப்பைத் தூக்கினால் தெரியும் மூடிக்குக் கீழே இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாததால் வருடக்கணக்கில் யாரும் பார்ப்பதில்லை.

இரண்டாவது, சக்கரம் பள்ளத்தில் விழும்போது வண்டி துள்ளாமல் தணிக்கும் சொக் அப்சோபர். இக்காலக் கார்களில் அது குழாய் வடிவில் இருக்கும். பழசாகினால் கழற்றி எறிந்துவிட்டுப் புதிது போடலாம். எங்கள் பழைய கார்களில் இருப்பது வேறு வகை. கனத்த உலோகக் கூடு ஒன்று, அதற்குள் எண்ணெய், பக்கத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு கை. சக்கரம் எழும்போது கை மேலே போய், உள்ளே எண்ணெயைச் சிறு துளை வழியே தள்ளுகிறது. அந்தத் தடைதான் துள்ளலை அடக்குகிறது. மொறிஸ் மைனரின் முன்பக்கத்தில் இந்தக் கையே சக்கரத்தைத் தாங்கும் மேல் உறுப்பாகவும் இருப்பதால், 'சொகுசுக்குத்தானே, விடுங்கோ' என்று தள்ளிவிட முடியாது.

இதைச் சோதிக்க மெக்கானிக் தேவையில்லை. காரின் ஒரு மூலையில் இரண்டு கையாலும் அழுத்திவிட்டுச் சட்டென்று விடுங்கள். ஒருமுறை எழுந்து அமைதியானால் நல்லது. தொட்டில்போல ஆடிக்கொண்டிருந்தால் எண்ணெய் குறைந்துவிட்டது. மேலேயுள்ள மூடியைத் திறந்து எண்ணெய் விடலாம். திறக்கமுன் சுற்றியுள்ள மண்ணைத் துடைத்தெடுங்கள். ஒரு மணல் துகள் உள்ளே போனாலே துளை கெட்டுவிடும். இதற்குரிய எண்ணெய் கிடைக்காவிட்டால், மோட்டார் சைக்கிளின் முன் போர்க்குக்கு விடும் எண்ணெயில் 20 ஆம் இலக்கம் பொருந்தும். பிறேக் ஒயிலை மட்டும் விடாதீர்கள்.

எண்ணெயும் றப்பரும் பொருந்த வேண்டும் என்பது எங்கள் ஊர்க் கார்களுக்கு மட்டும் உரிய சங்கதியல்ல. பிரான்சின் சிற்றோயன் நிறுவனம் 1955 இல் கொண்டுவந்த 'டீஎஸ்' காரில் உருக்கு வில்லே இல்லை. சக்கரத்துக்கொன்றாக உருண்டைகள்; அவற்றில் றப்பர் தாளின் ஒரு புறம் நைதரசன் வாயு, மறுபுறம் எண்ணெய். இரவு நிறுத்தி வைத்தால் கார் ஒட்டகம்போலப் படுத்துக்கொள்ளும். காலையில் இயக்கினால் எழும். முன்பு செயற்கைத் திரவம் பாவித்தார்கள். அது ஈரத்தை உறிஞ்சிக் கறளை உண்டாக்கியதால், 1966 இல் பச்சை நிறக் கனிய எண்ணெய்க்கு மாறினார்கள். இரண்டுக்கும் றப்பர் வேறு. மாறி விட்டால் முழுத் தொகுதியும் நாசம். அதனால் புதிய வகைக் கார்களில் உறுப்புகளுக்கே பச்சை வர்ணம் பூசிவைத்தார்கள். இங்கிலாந்தில் 1962 இல் வந்த மொறிஸ் 1100 இல் முன்சக்கரமும் பின்சக்கரமும் ஒரு குழாயால் இணைந்தவை. உள்ளே ஏறத்தாழப் பாதி தண்ணீரும் பாதி மதுசாரமும். குழாய் வெடித்தால் காரின் ஒரு பக்கமே தாழ்ந்துவிடும். மீண்டும் நிமிர்த்தத் தனிப் பம்பி வேண்டும். இவையெல்லாம் அழகான கண்டுபிடிப்புகள். ஆனால் உதிரிப்பாகம் வராத ஊருக்கு ஏற்றவையல்ல. மொறிஸ் மைனர் இங்கே நிலைத்ததற்கு அதன் எளிமையும் ஒரு காரணம் என்பது என் எண்ணம்.

எளிமையான அந்தக் காரிலும் கட்டாயம் அறிய வேண்டிய ஓர் இடம் உண்டு. முன்சக்கரம் திரும்புவதற்கு, ஒவ்வொரு பக்கத்திலும் மேலொன்று கீழொன்றாகப் புரியிட்ட மூட்டுகள் இருக்கின்றன. அவற்றுக்கு 1,000 மைலுக்கு ஒருதரம், அதாவது ஏறத்தாழ 1,600 கிலோமீற்றருக்கு ஒருதரம், கிறீஸ் அடிக்க வேண்டும். அடிக்காவிட்டால் கீழ்மூட்டின் புரி தேய்ந்து கழன்று, சக்கரம் பக்கவாட்டில் சரிந்து, கார் மூக்குக் குப்புற உட்கார்ந்துவிடும். பெரும்பாலும் மெதுவாகத் திரும்பும்போதே இது நடக்கும். எப்போதும் அப்படித்தான் என்று நம்பியிருக்க முடியாது. ஜக் வைத்துச் சக்கரத்தை உயர்த்தி, மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பாருங்கள். தளர்வு தெரிந்தால் ஓடக் கொடுக்காதீர்கள். கிறீஸ் அடிப்பதும் சக்கரத்தை உயர்த்திய நிலையில்தான்.

உதிரிப்பாகம் இல்லை என்று சொல்லி உங்களைத் திருப்பி அனுப்பினால், அதையும் முழுதாக நம்ப வேண்டாம். இங்கிலாந்தில் மொறிஸ் மைனரைப் பேணும் சங்கங்களும் கடைகளும் இருப்பதால், பல பாகங்கள் இன்றும் புதிதாகச் செய்யப்படுகின்றன. அவற்றுட் சில ஒருகாலத்தில் எங்கள் நாட்டிலேயே செய்யப்பட்டன என்பது பலருக்குத் தெரியாது. பாத் நகரில் மொறிஸ் மைனர் நிலையம் நடத்திய சார்ள்ஸ் வெயர் என்பவர், 1990களில் இலங்கையில் பாகங்கள் செய்வித்து இங்கிலாந்துக்கு எடுத்தார். அதே ஆண்டுகளில் குடாநாட்டில் ஒரு 'கப்' கிடைக்காமல் கார்கள் கிடந்தன.

தேய்ந்த பிறேக் சிலிண்டரைக் கடைச்சல் பட்டறையில் கடைந்து, உள்ளே பித்தளைக் குழல் இறுக்கிப் பழைய அளவுக்குக் கொண்டுவரலாம். ஆனால் 'கப்' புதிதாக, சரியான அளவில் இருக்க வேண்டும். அளவுகள் எல்லாம் அங்குலத்தில், ஆணிகளும் அப்படியே. மில்லிமீற்றர் ஸ்பனரால் வலிந்து திருகும் கராச்காரர் உங்கள் காரின் ஆணித் தலைகளை உருட்டிவிடுவார். அங்குல ஸ்பனர் இருக்கிறதா என்று முதலிலேயே கேளுங்கள். அந்த ஒரு கேள்வியிலேயே உங்களோடு பேசும் தொனி மாறும்.

ஓடக் கொடுப்பதற்கு முன் இன்னொரு சோதனை. பிறேக் மிதியை அழுத்தி ஒரு நிமிடம் அப்படியே பிடித்திருங்கள். மெல்லக் கீழே இறங்கினால் உள்ளே எங்கோ ஒழுகுகிறது. சக்கரங்களின் உட்புறத்தில் ஈரம் இருக்கிறதா என்றும் குனிந்து பாருங்கள்.

எல்லோரும் காரை வைத்திருக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டபின், 2025 தொடக்கம் வரை பழைய வாகனத்தின் விலையெல்லாம் ஏறியது. அந்த ஆண்டுகளில் சில பெண்கள் நல்ல விலைக்கு விற்றுப் பிள்ளைகளைப் படிக்க வைத்தார்கள். அதுவும் நல்ல முடிவே. வேறு சிலர் கலியாண ஊர்வலத்துக்கு வாடகைக்கு விடுகிறார்கள். பதிவுப் புத்தகம் இன்னும் கணவரின் பெயரில் இருந்தால், விலை பேசமுன் பிரதேச செயலகத்தில் விசாரித்துக்கொள்ளுங்கள். வாங்க வருபவர் "பழைய இரும்புதானே" என்றால், இன்னும் இரண்டு பேரிடம் விலை கேளுங்கள். பின் விறாந்தையில் பிஸ்கற் ரின்னுக்குள் அவர் சேர்த்துவைத்த ஆணிகள், மூடிகள், பழைய சிலிண்டர்கள் கிடக்கும். அவற்றைக் காரோடு சும்மா தூக்கிக் கொடுக்காதீர்கள். அந்த ரின்னுக்கும் தனி விலை உண்டு.