மரணத்தைத் தெரிவு செய்யும் உரிமை: முன்னதாகத் தீர்க்கப்பட வேண்டிய கேள்வி

தீராத நோயினால் அவதியுறும் ஒருவர் வைத்தியரின் உதவியுடன் தமது உயிரை முடித்துக்கொள்ளச் சட்டம் இடமளிக்க வேண்டுமா என்ற விவாதம் உலகெங்கும் வலுப்பெற்றுள்ளது. நெதர்லாந்தில் 2002ஆம் ஆண்டிலும் கனடாவில் 2016ஆம் ஆண்டிலும் இது சட்டபூர்வமாக்கப்பட்டது. பிரித்தானியப் பொதுச்சபை 2025 ஜூன் 20ஆம் திகதி இதற்கான சட்டமூலத்தை 314க்கு 291 என்ற வாக்குகளால் நிறைவேற்றியது. எமது உறவுகள் பெருமளவில் வாழும் நாடுகளில் நடைபெறும் இவ்விவாதம் எமக்கு அந்நியமானதன்று.

'கருணைக்கொலை' என்ற ஒரே சொல்லால் மூன்று வேறுபட்ட விடயங்களைக் குறிப்பதே குழப்பத்திற்குக் காரணமாகின்றது. உயிரைப் போக்கும் மருந்தை வைத்தியர் செலுத்துவது, அல்லது நோயாளி தாமே உட்கொள்வதற்காக வழங்குவது ஒன்று. பயனற்றுப்போன சிகிச்சையை நிறுத்தி, நோயின் போக்கில் மரணம் நிகழ விடுவது மற்றொன்று. வலியைத் தணித்து இறுதி நாட்களை அமைதியாகக் கழிக்க உதவும் நோய்த்தணிப்புப் பராமரிப்பு மூன்றாவது. இதனைக் கொலை என்ற சொல்லுடன் இணைப்பதே தவறாகும்.

இவ்வேறுபாட்டை இந்திய உச்ச நீதிமன்றம் தெளிவாக வரையறுத்தது. மும்பை வைத்தியசாலையொன்றில் தாதியாகப் பணியாற்றிய அருணா ஷான்பாக், 1973ஆம் ஆண்டு கொடூரமாகத் தாக்கப்பட்டு மூளை பாதிப்புற்றார். அவரை இறக்க அனுமதிக்குமாறு கோரிய மனுவை நீதிமன்றம் 2011ஆம் ஆண்டு நிராகரித்தது. எனினும், கடும் நிபந்தனைகளின் கீழ் சிகிச்சையை விலக்கிக்கொள்ளலாம் என ஏற்றுக்கொண்டது. அவரைப் பராமரித்துவந்த வைத்தியசாலை ஊழியர்களே அம்மனுவை எதிர்த்தவர்கள் என்பது மனங்கொள்ளத்தக்கது. அவர் 2015ஆம் ஆண்டு இயற்கையாக மரணமடைந்தார். கண்ணியமாக இறப்பது வாழும் உரிமையின் ஓர் அங்கம் எனக் கூறிய 2018ஆம் ஆண்டுத் தீர்ப்பு, இறுதிக்காலச் சிகிச்சை குறித்து ஒருவர் முன்கூட்டியே எழுதிவைக்கும் விருப்பாவணத்தையும் அங்கீகரித்தது.

இலங்கையில் தற்கொலை முயற்சி 1998ஆம் ஆண்டு முதல் குற்றமாகக் கருதப்படுவதில்லை. எனினும், தற்கொலைக்கு உடந்தையாவது தண்டனைக்குரிய குற்றமாகவே நீடிக்கின்றது.

சமய நோக்கிலும் இவ்வேறுபாடு முக்கியமானது. உயிர் இறைவனின் அமானிதம் என்பதால் அதனைத் தாமே போக்கிக்கொள்வதை இஸ்லாம் தடுக்கின்றது. ஆயினும், மூளையின் செயற்பாடுகள் மீளமுடியாதவாறு நின்றுவிட்ட நிலையில் உயிர்காப்புக் கருவிகளை அகற்றலாம் எனச் சர்வதேச இஸ்லாமிய பிக்ஹு அக்கடமி 1986ஆம் ஆண்டு அம்மானில் தீர்மானித்தது. கோப்பெருஞ்சோழன் வடக்கிருந்து உயிர்நீத்த மரபைத் தமிழர் அறிவர். அது ஒருவர் தாமே மேற்கொண்ட நோன்பு. வைத்தியரின் கரத்தை அது வேண்டி நிற்கவில்லை.

தமது உடல், தமது வேதனை, ஆகவே முடிவும் தம்முடையதே என்ற வாதத்தை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. ஆனால் அம்முடிவு எந்தச் சூழலில் பிறக்கின்றது என்பதையும் நோக்க வேண்டும். மருத்துவ உதவியுடனான மரணத்தை அனுமதிக்கும் அமெரிக்காவின் ஒரேகன் மாநிலத்தில், குடும்பத்தினருக்குச் சுமையாகிவிடுவோம் என்ற அச்சத்தை நோயாளர் பலர் காரணமாகக் கூறியுள்ளதை அதன் வருடாந்த அறிக்கைகள் காட்டுகின்றன. தமிழகத்தின் விருதுநகர் மாவட்டத்தில், முதியோரைக் குடும்பத்தாரே எண்ணெய்க் குளியல் என்ற பெயரில் சாகச் செய்யும் 'தலைக்கூத்தல்' 2010ஆம் ஆண்டு அம்பலமானது. வறுமை மிகுந்த வீட்டில் 'விருப்பம்' என்பது எவ்வளவு எளிதில் பிறருடைய வசதியாக மாறிவிடும் என்பதற்கு அது சாட்சியாகும்.

மூதூர் பிரதேசத்தின் கிளிவெட்டியை எடுத்துக்கொள்வோம். 2006ஆம் ஆண்டு யுத்தத்தில் சம்பூரிலிருந்து இடம்பெயர்ந்தோர் பல ஆண்டுகள் முகாம்களில் தங்கியிருந்த கிராமம் அது. இத்தகைய கிராமத்தில் ஒரு தாய்க்குப் புற்றுநோய் முற்றிவிட்டால், சிகிச்சைக்காகத் திருகோணமலைக்கும், அதற்கப்பால் மட்டக்களப்புக்கோ மகரகமைக்கோ அலைய வேண்டியுள்ளது. கூலிநாளை இழந்து மகன் உடன் செல்கின்றான். வேலையை விட்டு மகள் இரவெல்லாம் விழித்திருக்கின்றாள். அந்தத் தாய் "என்னைப் போக விடுங்கள்" என்று சொன்னால், அது அவரது சுதந்திரமான தெரிவா, அல்லது வலியும் பிள்ளைகளின் நிலையும் சொல்ல வைத்த வார்த்தையா? அயலிலுள்ள முஸ்லிம் கிராமங்களின் வீடுகளிலும் இதே கேள்வியே எழும்.

நோய்த்தணிப்புப் பராமரிப்பைச் சுகாதார சேவையின் அங்கமாக்குமாறு உலக சுகாதாரப் பேரவை 2014ஆம் ஆண்டு நாடுகளைக் கோரியது. வாய்வழி மோர்பின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் உள்ளதேயன்றி ஆடம்பர மருந்தன்று. கிராம மட்டத்தில் அம்மருந்து தட்டுப்பாடின்றிக் கிடைப்பதும், பயிற்சி பெற்ற தாதியொருவர் வீடு தேடி வருவதும், விருப்பாவணத்திற்குத் தெளிவான சட்ட ஏற்பாடு அமைவதும் உடனடித் தேவைகளாகும்.

வைத்தியர் உதவியுடனான மரணத்தைச் சட்டபூர்வமாக்குவதற்கு இலங்கை இன்று ஆயத்தமாக இல்லை என்பதே எமது கருத்து. வலி தணிக்கப்பட்டு, பராமரிப்பும் கிடைத்த பின்னரும் ஒருவர் அதனைக் கோருவாராயின், அப்போது அவரது தெரிவைப் பற்றி நாம் நேர்மையாக விவாதிக்கலாம். வலிக்கு மருந்து கொடுக்கத் தவறிய அரசு மரணத்திற்கு மருந்து கொடுக்க முன்வருமாயின், அதனை உரிமை என அழைப்பது பொருந்தாது.