நேமோ மயில் சிலந்தி

நேமோ மயில் சிலந்தி (மரேட்டஸ் நேமோ) என்பது ஆஸ்திரேலியாவின் தெற்கு ஆஸ்திரேலியா மாநிலத்தில் காணப்படும் மிகச் சிறிய சிலந்தி இனம் ஆகும். இது சால்ட்டிசிடே எனப்படும் குதிக்கும் சிலந்திக் குடும்பத்தில், மயில் சிலந்திகள் அடங்கும் மரேட்டஸ் பேரினத்தைச் சேர்ந்தது. ஏறத்தாழ 4 மில்லிமீட்டர் நீளம், அதாவது ஓர் அரிசி மணி அளவே கொண்ட இச்சிலந்தி 2021 ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் அறிவியல் உலகுக்கு முறைப்படி அறிமுகப்படுத்தப்பட்டது.

மயில் சிலந்திகள்

குதிக்கும் சிலந்திகள் இரை பிடிக்க வலை பின்னுவதில்லை. கூரிய பார்வையால் இரையைக் கண்டு அதன் மீது பாய்ந்து பிடிக்கின்றன. இவற்றின் எட்டுக் கண்களில் முன்புறம் உள்ள இரண்டும் மிகப் பெரியவை. மரேட்டஸ் பேரினத்துப் பல இனங்களின் ஆண் சிலந்திகள் வண்ணமயமான வயிற்றை உயர்த்தி, கால்களை அசைத்து ஆடிப் பெண்ணைக் கவர்கின்றன. மயில் சிலந்தி என்ற பெயர் இதனால் அமைந்தது.

இக்குழுவில் முதலில் விவரிக்கப்பட்டவற்றுள் ஒன்றான மரேட்டஸ் வோலன்ஸ் 1874 இல் பெயரிடப்பட்டது. அதன் வயிற்றின் இருபுறமும் உள்ள மடிப்புகள் காற்றில் மிதக்க உதவும் எனக் கருதப்பட்டதால் 'பறக்கும்' என்ற பொருளில் அப்பெயர் இடப்பட்டது. அம்மடிப்புகள் பறப்பதற்கல்ல, பெண்ணுக்குக் காட்டுவதற்கே என்பது பின்னர் தெளிவாயிற்று.

கண்டுபிடிப்பு

2020 இல் நாங்வாரி என்ற ஊரின் அருகே ஷெரில் ஹாலிடே என்னும் தன்னார்வலர் இச்சிலந்தியைப் படம்பிடித்து, மயில் சிலந்தி ஆர்வலர்களின் முகநூல் குழுவில் வெளியிட்டார். அதனைக் கண்ட விக்டோரியா அருங்காட்சியகத்தைச் சேர்ந்த ஜோசப் ஷூபர்ட், இது இதுவரை பெயரிடப்படாத இனமாக இருக்கலாம் என உணர்ந்தார். ஹாலிடே உயிருள்ள சிலந்திகளைச் சேகரித்து அனுப்ப, அவற்றை ஆராய்ந்து ஷூபர்ட் இனத்தை விவரித்தார். இதற்கு முந்தைய ஆண்டிலேயே அவர் ஏழு புதிய மயில் சிலந்தி இனங்களை விவரித்திருந்தார்.

பெயர்க்காரணம்

ஆண் சிலந்தியின் முகம் பளிச்சிடும் செம்மஞ்சள் நிறத்தில் வெள்ளைக் கோடுகளுடன் உள்ளது. 2003 இல் வெளிவந்த 'ஃபைண்டிங் நீமோ' என்ற அசைபடத்தின் கோமாளி மீனை இது நினைவூட்டியதால் இப்பெயர் சூட்டப்பட்டது.

நடத்தை

இதன் ஆணின் வயிறு பழுப்பு நிறமானது; பிற மயில் சிலந்திகளைப் போல் வண்ண விசிறி இல்லை. எனவே இது வயிற்றை உயர்த்திக் காட்டுவதில்லை. மாறாக, மூன்றாம் இணைக் கால்களை உயர்த்தி, வயிற்றைத் தரையில் அதிரச் செய்கிறது.

வாழிடம்

மயில் சிலந்திகள் பெரும்பாலும் உலர்ந்த புதர்நிலங்களில் வாழ்பவை. நேமோ மயில் சிலந்தியோ பருவகாலத்தில் ஆழமற்ற நீர் தேங்கி நிற்கும் ஈரநிலத்துச் செடிகளில் காணப்பட்டது. ஆகவே இப்பேரினத்தை இதுவரை தேடாத இடங்களிலும் தேட வேண்டும் என்பதை இக்கண்டுபிடிப்பு உணர்த்தியது.

முக்கியத்துவம்

தெற்கு ஆஸ்திரேலியாவின் தென்கிழக்குப் பகுதியில் 19 ஆம் நூற்றாண்டு முதல் வேளாண்மைக்காக வடிகால்கள் வெட்டப்பட்டு, ஈரநிலங்களின் பெரும்பகுதி அழிந்துவிட்டது. எஞ்சியவற்றில் எவ்வெவ்வுயிர்கள் வாழ்கின்றன என்று அறியாமல் அவற்றைக் காப்பது கடினம். பாதுகாப்புப் பட்டியலில் ஓர் உயிரினத்தைச் சேர்க்க, அது தனி இனமென முதலில் அடையாளம் காணப்பட வேண்டும். விவரிப்பும், அருங்காட்சியகத்தில் வைக்கப்படும் மூலமாதிரியும் அந்த அடையாளத்தை நிலைநிறுத்துகின்றன. ஆஸ்திரேலியாவின் முதுகெலும்பற்ற உயிரினங்களில் பெரும்பாலானவை இன்னும் பெயரிடப்படாத நிலையில், பெயர் பெறும் முன்னரே சில இனங்கள் அழிந்துபோகக்கூடும். பயிற்சி பெற்ற ஆய்வாளர்கள் சிலரே உள்ள இத்துறையில், ஆர்வலர் ஒருவரின் ஒளிப்படமும் புதிய இனம் ஒன்றை வெளிக்கொணரலாம் என்பதற்கு நேமோ மயில் சிலந்தி ஓர் எடுத்துக்காட்டாகும்.