பில் எங்கே, மக்களே?

பத்தாயிரம் ரூபாய்க்கு நல்ல போன் என்று கண்ணை மூடிக்கொண்டு கை காட்டிய காலம் ஒன்று இருந்தது. 2014 செப்டம்பரில் ஷாவ்மி கம்பெனி ரெட்மி 1எஸ் போனை 5,999 ரூபாய்க்கு விற்றது. ஆன்லைனில் விற்பனை திறந்த நொடியே தீர்ந்துபோகும் என்று பையன்கள் இங்கே குமரி மாவட்டத்துக் கருங்கல் ஊரில் கம்ப்யூட்டர் சென்டர்களில் காத்துக் கிடந்தார்கள். இன்று அந்த விலைக்குப் பேர் சொல்லும் கம்பெனியின் புது ஸ்மார்ட்போன் கிடைப்பது அபூர்வம். 2024-ல் இந்தியாவில் விற்பனைக்கு வந்த ஸ்மார்ட்போன்களின் சராசரி விலை 259 டாலர் என்று ஐ.டி.சி. நிறுவனம் கணக்குச் சொன்னது. நம்ம காசுக்கு இருபத்தோராயிரத்துக்கு மேல்.

விலை ஏறியதற்குக் காரணம் ஒன்றல்ல. 2020 ஏப்ரல் 1 முதல் செல்போனுக்கான ஜி.எஸ்.டி. 12 சதவீதத்திலிருந்து 18 சதவீதமானது. வரிக்கு முன் பத்தாயிரம் ரூபாய் விலையுள்ள போனுக்கு 1,800 ரூபாய் வரி என்றால் கூலிவேலை செய்கிறவருக்கு அது இரண்டு மூன்று நாள் சம்பளம். 2025 கடைசியில் மெமரி சிப் விலையும் ஏறத் தொடங்கியது. செயற்கை நுண்ணறிவுக்காகக் கட்டுகிற டேட்டா சென்டர்கள் அந்தச் சிப்புகளை அள்ளிக்கொண்டு போகின்றன. அந்தச் சுமை குமரி மாவட்டத்துப் போன் கடை வரை வந்து சேர்கிறது. ஸ்ரீபெரும்புதூரில் ஐபோன் தயாராகிறது, நம்ம ஊர்ச் சரக்குதானே, விலை குறையாதா என்று கேட்கிறார்கள். குறையவில்லை.

அதனால்தான் என் பழுதுபார்க்கும் கடைக்கு, பழைய போனைக் கையில் வைத்துக்கொண்டு, வாங்கலாமா என்று கேட்டு வருகிறவர்கள் கூடிவிட்டார்கள். குறும்பனையில் மீன் விற்கிற ஒரு அம்மா மகளுக்காக வந்தார். "மக்களே, கடையில புதுசு பதினஞ்சாயிரம் சொல்லுகான். இது ஆறாயிரம்தான். பிள்ளைக்குக் காலேஜில எல்லாத்தையும் வாட்ஸ்அப்பிலதான் அனுப்புகாவ. ஒரு வருசம் ஓடுனா போரும் எனக்கு." இப்படிக் கேட்கிற ஒருவரிடம் பழைய போனே வாங்காதீங்க என்று சொல்ல எனக்கு மனசு வராது. எதைப் பார்த்து வாங்க வேண்டும் என்றுதான் சொல்ல முடியும்.

அந்தப் போனின் சிம் தட்டை வெளியே இழுத்து, உள்ளே டார்ச் அடித்துக் காட்டினேன். பல போன்களில் அந்தப் பொந்துக்குள் ஒரு சின்ன வெள்ளை ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். தண்ணீர் பட்டால் சிவந்துவிடும். இதில் சிவந்திருந்தது. சார்ஜ் குத்துகிற இடத்தில் பச்சையாகப் பாசி போல ஏதோ படிந்திருந்தது. கடல் தண்ணி குடித்த போன். நம்ம கடற்கரை ஊர்களில் இது சாதாரணம். வள்ளத்தில் கொண்டுபோகிற போன் நனையும், வீட்டில் உலர்த்துவார்கள், உயிர் வந்துவிடும். யாராவது அதை ஸ்பிரிட் போட்டுத் துடைத்து, புது டிஸ்ப்ளேவும் பின்மூடியும் மாட்டினால் கண்ணுக்குப் புதுசு போலவே இருக்கும். ஆனால் சிப்புக்கு அடியில் புகுந்த உப்பு சும்மா இருக்காது. ஈரக்காற்றை இழுத்துப் போர்டைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்னும். இரண்டு மாதமோ நான்கு மாதமோ கழித்து ஒருநாள் ஆன் ஆகாது. போர்டு போனால் அந்தப் போனில் நான் செய்ய ஒன்றும் இல்லை. வாட்டர்ப்ரூஃப் போன் என்று விற்பவர் சொன்னாலும் நம்ப வேண்டாம். அந்தச் சோதனை நல்ல தண்ணீரில் நடப்பது. ஒருமுறை டிஸ்ப்ளே கழற்றி மாட்டினால் ஓரத்துப் பசையும் போய்விடும்.

எந்தக் கம்பெனி எவ்வளவு விற்கிறது என்ற செய்தியைப் பேப்பரில் பார்த்துவிட்டு, நமக்கென்ன என்று கடந்துபோகிறோம். பழைய போன் வாங்குகிறவருக்கு அதுதான் முக்கியம். 2014 கடைசியில் மைக்ரோமேக்ஸ் இந்தியாவில் சாம்சங்கையே முந்தியது என்று கனாலிஸ் நிறுவனம் சொன்னது. நாலு வருஷத்துக்குள் ஷாவ்மி அந்த இடத்தில் இருந்தது. 2024-ல் விவோ முதலிடம். மைக்ரோமேக்ஸ் போனுக்கு இன்று டிஸ்ப்ளே கேட்டால் நாகர்கோவில் மொத்தக்கடைக்காரர் கையை விரிப்பார். எல்.ஜி. 2021-ல் போன் தொழிலையே விட்டுவிட்டது. அதன் பழைய மாடல் பார்க்க அழகாக இருக்கும், உடைந்தால் உதிரிபாகத்துக்கு அலைய வேண்டும். ஊரில் அதிகம் புழங்குகிற மாடலை வாங்குங்கள். செட்டிங்ஸில் கடைசிப் பாதுகாப்பு அப்டேட் எந்தத் தேதியில் வந்தது என்றும் பாருங்கள். இரண்டு மூன்று வருஷமாக வரவில்லை என்றால் அதில் வங்கிக் கணக்கும் ஜிபேயும் வைப்பது ஆபத்து.

வளைகுடாவிலிருந்து வருகிற போன் இங்கே தனி ரகம். வீட்டுக்கு ஒருவர் துபாயிலோ சவூதியிலோ இருக்கிற ஊர் நம்முடையது. 2025-ல் வந்த ஐபோன் 17-ல், வளைகுடா நாடுகளில் விற்கிற மாடலுக்குச் சிம் தட்டே கிடையாது, இ-சிம் மட்டும்தான். கையில் சிம் அட்டையோடு வருகிறவர் ஏமாந்து நிற்பார். பல போன்களுக்கு அங்கே கொடுத்த வாரண்டி இங்கே செல்லாது. வாங்கும் முன் விசாரியுங்கள்.

இதையெல்லாம் விடப் பெரிய வம்பு திருட்டுப் போன். 2023 மே மாதத்திலிருந்து மத்திய தொலைத்தொடர்புத் துறையின் சி.இ.ஐ.ஆர். வசதி நாடு முழுவதும் நடக்கிறது. போனைத் தொலைத்தவர் போலீசில் புகார் கொடுத்து, அந்தப் போனின் ஐ.எம்.இ.ஐ. என்ற அடையாள எண்ணைச் சஞ்சார் சாத்தி தளத்தில் பதிந்து முடக்கிவிடலாம். பிறகு அந்தப் போனில் யார் எந்த ஊரில் சிம் போட்டாலும் தகவல் போலீசுக்குப் போகும். கன்னியாகுமரியில் சீசன் கூட்டத்தில் தொலைகிற போன் எங்கோ ஒரு வட மாநிலத்தில் ஆன் ஆகும். அங்கே தொலைந்தது இங்கே ஆன் ஆகும். மீட்ட போன்களை நாகர்கோவில் எஸ்.பி. அலுவலகத்தில் உரியவர்களிடம் கொடுக்கிற படம் பேப்பரில் அடிக்கடி வருகிறது. பார்க்கச் சந்தோஷமாக இருக்கும். அந்தப் போன்களைக் காசு கொடுத்து வாங்கி, ஸ்டேஷனில் ஒப்படைத்துவிட்டு வெறுங்கையோடு வீடு போனவர்கள் படத்தில் இருக்க மாட்டார்கள். திருட்டுப் பொருள் என்று தெரிந்தோ, அப்படி நம்பக் காரணம் இருந்தோ வாங்கினால் பாரதிய நியாய சன்ஹிதா 317-ம் பிரிவில் மூன்று வருஷம் வரை சிறை உண்டு. பாதி விலைக்கும் கீழே, பில் இல்லாமல், அவசரமாக விற்கிறவனிடம் வாங்கிவிட்டு எனக்குத் தெரியாது என்று சொல்வது எடுபடாது.

இதற்குப் பரிகாரம் காசு செலவில்லாதது. *#06# என்று அடித்தால் 15 இலக்க ஐ.எம்.இ.ஐ. எண் வரும். டப்பாவிலும் பில்லிலும் அதே எண் இருக்கிறதா பாருங்கள். பிறகு கே.ஒய்.எம். என்ற ஆங்கில எழுத்துகளும் ஒரு இடைவெளியும் அந்த எண்ணும் டைப் செய்து 14422-க்கு எஸ்.எம்.எஸ். அனுப்புங்கள். பதிலில் வருகிற கம்பெனியும் மாடலும் கையில் இருக்கிற போனோடு ஒத்துப்போக வேண்டும். கறுப்புப் பட்டியலில் உள்ளது என்றோ, இதே எண் வேறெங்கோ பயன்பாட்டில் உள்ளது என்றோ வந்தால் தொடாதீர்கள். எண்ணை மாற்றித் தருகிறேன் என்று ஒரு மெக்கானிக் சொன்னால் அந்தக் கடைப்பக்கமே போகாதீர்கள். 2023-ம் வருஷத் தொலைத்தொடர்புச் சட்டப்படி அதற்கு மூன்று வருஷம் வரை சிறை, ஐம்பது லட்சம் வரை அபராதம்.

விற்பவரை முன்னால் நிறுத்தி, போனை முழுசாக அழித்துத் திரும்ப ஆன் செய்யச் சொல்லுங்கள். பழைய கூகுள் கணக்கையோ ஆப்பிள் கணக்கையோ கேட்டால் அவரே பாஸ்வேர்டு போட்டு வெளியேற வேண்டும். மாதத் தவணையில் எடுத்து மிச்சம் கட்டாத போன் என்றால் பைனான்ஸ் கம்பெனி தூரத்திலிருந்தே பூட்டிவிடவும் கூடும். அதையும் கேட்டுத் தெளியுங்கள்.

பில் தொலைந்துவிட்டது என்று சொல்கிறவர் எல்லாம் திருடர் இல்லை. அப்படியென்றால் ஒரு வெள்ளைத்தாளில் அவர் பேர், முகவரி, ஐ.எம்.இ.ஐ. எண், தேதி, தொகை எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். அடையாள அட்டை நகலும் வாங்குங்கள். பணத்தைக் கையில் கொடுக்காமல் யு.பி.ஐ.யில் அனுப்புங்கள். நாளை போலீஸ் கூப்பிட்டால் உங்களைக் காப்பாற்றுகிற ஆதாரம் அதுதான். இதற்கு மறுக்கிறவரிடம், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் வாங்காதீர்கள். புதுப் போன் வாங்குகிறவர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: பில்லையும் டப்பாவையும் தூக்கிப் போடாதீர்கள். உங்களுக்குப் பிறகு அந்தப் போனை வாங்குகிற ஏழைக்கு அது தேவைப்படும்.